முன்சக்கரம் வழுக்கும்போது ஸ்டியரிங்கை என்ன செய்வது?

வளைவில் காரின் மூக்கு வெளியே ஓடினால், கார் பந்தய சிமுலேட்டரில் பலரும் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள். தப்பே அங்கேதான். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் சறுக்கல் கோணம். பந்தய டயருக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரிக்குள் பிடிப்பு உச்சம் தொடும். அதைத் தாண்டினால் பிடிப்பு இறங்கும், சூடு மட்டும் ஏறும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலில் (டயரின் விசையைக் கையில் உணர்த்தும் சிமுலேட்டர் ஸ்டியரிங்) கனம் திடீரென்று லேசானால் அதுதான் அறிகுறி. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், மூக்கு உள்ளே வரும்.

பிடிப்பு ஒரே பானைச் சோறு. திருப்பவே எல்லாம் போய்விட்டால் பிரேக்குக்கு மிச்சமில்லை; திருப்பத் திருப்பப் பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற பந்தய சிமுலேட்டரில், ஜிடி3 வகைப் பந்தயக் காரின் உலர் தள டயருக்கு 26–27 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது ஓடிச் சூடேறிய பிறகு காட்ட வேண்டிய அளவு. கிளம்பும் முன் பிட்டில் (காரைத் தயார் செய்யும் இடம்) அதையே வைத்தால், ஓடிச் சூடேறும்போது அழுத்தம் கூடிப்போகும்.