எங்கள் வட்டாரத்துக் கல்விச் சபைக் கதிரை

2025 ஜூன் 27, வெள்ளி

இந்த வாரம்தான் பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்தது. அதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் பொதுப் பாடசாலைகளை நடத்தும் ரொறன்ரோ கல்விச் சபையை ஒன்ராறியோ மாகாண அரசு தன் கையில் எடுத்திருக்கிறது. அதோடு ரொறன்ரோ கத்தோலிக்க சபை, ஒட்டாவா-கார்ல்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்க சபை என்று ஒரே நாளில் நான்கு சபைகள். காசைச் சரியாகக் கையாளவில்லை என்பது கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா சொல்லும் காரணம். இனி அரசு நியமிக்கும் மேற்பார்வையாளர்தான் முடிவெடுப்பார். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய 22 பேரிடமும் அந்த அதிகாரம் இல்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒரு பையனின் தாய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "அப்ப இனி ஒரு பிரச்சினை எண்டால் ஆருக்கு அக்கா ஃபோன் எடுக்கிறது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

எங்களுடையது 17ஆம் வட்டாரம், ஸ்காபரோ சென்டர். உறுப்பினர் நீதன் சான். முழுச் சபைக்கும் தலைவராக இருந்தவரும் அவர்தான். இலங்கையில் பிறந்து, பதின்ம வயதில் இங்கே வந்து, தமிழ் இளைஞர்களோடு வேலை செய்து பெயர் எடுத்தவர். 2006இல் மார்க்கத்திலிருந்து யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். 2016இல் ஒரு இடைத்தேர்தலில் ரொறன்ரோ கல்விச் சபைக்கு வந்தார். அடுத்த பெப்ரவரியில் இன்னொரு இடைத்தேர்தல். ரொறன்ரோ நகரசபையின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனார். 2018இல் டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு நகரசபைக் கதிரைகளை 25 ஆகக் குறைத்தது. அந்தத் தேர்தலில் 154 வாக்குகளால் தோற்றார்.

154 வாக்கு! எங்கள் இரண்டு தெருவைச் சேர்த்தால் அவ்வளவு பேர் இருப்போம்.

கல்விச் சபையை எங்கள் ஆட்கள் ஒரு படிக்கட்டு என்றே கதைப்பார்கள். முதலில் அங்கே, பிறகு நகரசபை, பிறகு பாராளுமன்றம். பார்த்தி கந்தவேளும் 2014இலிருந்து கல்விச் சபையில் இருந்துவிட்டு 2023 நவம்பரில் நகரசபைக்குப் போனார். போகட்டும், நல்ல விஷயம். ஆனால் நகரசபையில் இருந்த நீதன் 2022இல் திரும்பக் கல்விச் சபைக்கே வந்து நின்றாரே, அதற்காகவே எனக்கு அவரில் மதிப்பு. பாடத்திட்டம் மாகாணத்தின் கையில். ஆசிரியர் சம்பளத்தின் பெரும் பேச்சும் மாகாண மட்டத்தில்தான். பேருக்கும் புகழுக்கும் வருகிறவர்களுக்கு அந்தக் கதிரையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஜூலை 3

காசுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு கல்விச் சபைகளே வீட்டு வரியில் கல்விக்கான பங்கைத் தீர்மானித்தன. 1997இல் மைக் ஹரிஸின் மாகாண அரசு அந்த உரிமையை எடுத்துவிட்டது. 1998இல் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ எல்லாம் சேர்ந்து இன்றைய பெரிய சபை உருவானது. அன்றிலிருந்து மாகாணம் கொடுப்பதுதான் காசு. போதாவிட்டால் கூட்டிக் கேட்கச் சபைக்கு வேறு இடமில்லை. 2002இல் ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் சபைகள் வெட்டுக்கு இணங்க மறுத்தபோதும் இதே மாதிரி மேற்பார்வையாளர்கள் வந்தார்கள்.

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு மாகாணம் தருவதைவிடக் கூடச் செலவழிக்கிறோம் என்று சபை சொல்லிக்கொண்டே வந்தது. அதை ஒரு குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை.

ஜூலை 12, சனி

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மகனுக்குப் போன வருடம் பாடசாலையில் இடைநிறுத்தம். எட்டாம் வகுப்பு. பெரிய பையன்கள் சேர்ந்து செய்த சண்டையில் இவனும் நின்றிருக்கிறான். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. தாய்க்கு இரவு வேலை. மகன் வாசித்துச் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். மேன்முறையீடு செய்யலாம் என்ற வரியை அவன் வாசிக்கவில்லை. என்னிடம் அவள் கொண்டுவந்தபோது நாள் ஓடிவிட்டிருந்தது. இடைநிறுத்தம் தொடங்கி 10 பாடசாலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்த மேன்முறையீட்டைக் கேட்பது யார்? கல்விச் சபை உறுப்பினர்களின் குழு. ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து முற்றாக விலக்குவதென்றாலும் அதிபரால் தனியாக முடியாது. சபை விசாரித்துத்தான் முடிவு. அந்த மேசையில் இருப்பவர் எங்கள் தெருவைத் தெரிந்தவராக, நாலு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கதவைத் தட்ட வேண்டியவராக இருக்க வேண்டும். வரவுசெலவைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவருக்கு இந்தப் பையனின் தாயை எப்படித் தெரியும்?

செப்டம்பர் 6, சனி

பாடசாலை தொடங்கிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் பிள்ளைகளைப் பதிந்தாயிற்று. இதை ஏதோ கோயில் நடத்துகிறது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, கல்விச் சபை நடத்துவது. போதிய பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கேட்டால் சபை அந்த மொழி வகுப்பைத் தொடங்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 5

இன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். எங்கள் கல்விச் சபையில் 2023இல் வந்த சாதித் தீர்மானத்தைப் பற்றி. ஸ்காபரோ நோர்த் உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம் கொண்டுவந்தார். பாடசாலைகளில் சாதி ஒடுக்குமுறையை எப்படிக் கையாள்வது என்று மனித உரிமை ஆணையத்தின் உதவியைக் கேட்கும் தீர்மானம். மார்ச் மாதம் 16 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. கனடாவில் இதைச் செய்த முதல் கல்விச் சபை. அந்த அக்டோபரிலேயே ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் சாதிப் பாகுபாடு பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

"இதெல்லாம் இங்க எதுக்கு?" என்று ஒரு மாமா கேட்டார். கலியாணப் பேச்சில் ஊரையும் குறிச்சியையும் விசாரிக்கிற நாங்கள் இப்படிக் கேட்கலாமா? அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள், பாடசாலைக்கும் கொண்டு போகிறார்கள். இது ஒரு பிரச்சினை என்று எங்களுக்குள்ளிருந்து வந்த ஒருவர் சொல்லாமல், எந்த மேற்பார்வையாளருக்குத் தோன்றியிருக்கும்? யாழினி சபையில் இருந்த ஆண்டுகளில் வேறொன்றும் செய்யாவிட்டாலும் எனக்கு இது போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

சட்டமூலம் 33 நிறைவேறிவிட்டது. கல்விச் சபைகளை அரசு எடுத்துக்கொள்வது இனி இன்னும் சுலபம். உறுப்பினர் பதவியே தேவையா என்றும் அமைச்சர் கேட்கிறார். பெற்றோர் முறைப்பாடு சொல்லச் சபைகளில் உதவி அலுவலகம் வருமாம். வரட்டும், நல்லது. ஆனால் அந்த அலுவலகத்தை வாக்குப் போட்டு மாற்ற முடியாது.

எங்களிலும் பிழை உண்டு. 2022 நகரத் தேர்தலில் பத்தில் மூன்று பேர்தான் வாக்களித்தார்கள். போனவர்களிலும் பலர் மேயருக்குப் போட்டுவிட்டு, கல்விச் சபைப் பகுதியை வெறுமையாக விட்டார்கள். கத்தோலிக்கப் பாடசாலை ஆதரவாளராகப் பதிந்தவர்களுக்கு வேறு வாக்குச்சீட்டு என்பது கூட என் மச்சாளுக்கு வாக்குச்சாவடியில்தான் தெரிந்தது.

அடுத்த தேர்தல் 2026 அக்டோபர் 26. கல்விச் சபைக் கதிரை அந்தச் சீட்டில் இருக்க வேண்டும், இடைநிறுத்த மேன்முறையீடுகளைத் தெரிவான உறுப்பினர்களே கேட்க வேண்டும், பாடசாலைக் கடிதங்கள் தமிழிலும் வர வேண்டும் என்று எங்கள் மாகாண உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கையெழுத்துப் போட்டாள். தமிழ்ப் பிரதி என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், உங்கள் வட்டாரத்தின் பெயரை மாற்றி அனுப்பலாம்.