ஆகஸ்டில் லண்டன் போனால் யூகே பிளாக் பிரைடுக்குப் போங்கள்

ஆகஸ்டில் லண்டன் போகிற யார் யோசனை கேட்டாலும் இனி என் பதில் ஒன்றுதான். யூகே பிளாக் பிரைடு விழா எந்த ஞாயிற்றுக்கிழமை என்று முதலில் பாருங்கள், மற்ற இடமெல்லாம் அப்புறம். லண்டன் ஐ சக்கரத்தில் ஏற முப்பது பவுண்டு அளவுக்குக் கேட்கிறார்கள், அரை மணி நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள். நம்ம காசில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்! இந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மதியம் உள்ளே போனவன் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வெளியே வந்தேன். கால் வலி இன்னும் போகவில்லை, சந்தோஷமும் போகவில்லை.

கறுப்பினக் குயர் மக்கள், அதாவது தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும், தங்களுக்காகத் தாங்களே உருவாக்கிக்கொண்ட விழா இது. ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், ஆசியா, லத்தீன் அமெரிக்கா, மத்தியக் கிழக்கு என்று வேர் எங்கே இருந்தாலும் வாருங்கள் என்று அழைக்கிறார்கள். 2022 முதல் கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் குயின் எலிசபெத் ஒலிம்பிக் பூங்காவில் நடக்கிறது. 2012 ஒலிம்பிக் நடந்த அதே இடம்தான். சுமார் 25,000 பேர் கூடுகிறார்கள்.

எப்படிப் போவது என்று சொல்லிவிடுகிறேன். நான் தங்கியது ஈஸ்ட் ஹாமில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டு மாடியறையில். அங்கிருந்து 104-ஆம் எண் பேருந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் கொண்டுபோய் விடும். நான் போனபோது ஒரு பவுண்டு 75 பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் கூடுதல் காசு இல்லை. கிளம்பும்போது எங்கே போகிறேன் என்பதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, கவனமாப் போயிட்டு வாங்கோ. மழை வரும்போல கிடக்கு, குடையைக் கொண்டு போங்கோ" என்றார். அவ்வளவுதான். மதுரையில் என் சொந்தச் சித்தியிடமிருந்து இப்படி ஒரு பதில் வரப் பல வருஷம் பிடித்தது.

உள்ளே போனதும் மூக்கு இழுத்துக்கொண்டு போன இடம் சாப்பாட்டுக் கடைகள். ஜொல்லாஃப் சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா? தக்காளி, வெங்காயம், குடமிளகாய், காரமான சிவப்பு மிளகாய் எல்லாவற்றையும் அரைத்து வதக்கி அதிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். அடிச்சோற்றில் லேசாகப் புகை ஏறி, கல்யாண வீட்டுப் பிரியாணி அண்டாவின் அடியைச் சுரண்டிப் போட்ட மாதிரி ஒரு வாசம். பக்கத்தில் பொரித்த வாழைப்பழத் துண்டுகள், வேர்க்கடலைப் பொடியும் மிளகாயும் தடவிச் சுட்ட சூயா இறைச்சி. தட்டு பதினாலு பவுண்டு என்றதும் கை பின்வாங்கியது உண்மை. முதல் வாய் வைத்ததும் அந்தக் கணக்கை மறந்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கானாக்காரரும் ஒரு நைஜீரியப் பெண்ணும் யார் நாட்டு ஜொல்லாஃப் உசத்தி என்று கடைசிவரை சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே கடையில்தான் வாங்கினார்கள்.

அப்புறம் இசை. ஆஃப்ரோபீட்ஸ், சோகா, டான்ஸ்ஹால் என்று மாறி மாறி அதிர்ந்தது. ஜமைக்காவின் டான்ஸ்ஹாலில் ஒருகாலத்தில் தன்பாலீர்ப்பாளர்களைக் கொல்லச் சொல்லும் பாடல்களே வந்ததுண்டு. அந்தத் தாளத்துக்கே இங்கே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிறார்கள். தங்கள் வீட்டு இசையை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. எழுபது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "நின்று பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய், மகனே?" என்று கேட்டார். ஆடினேன்.

ஒரு பையனின் சட்டை முதுகில் ஃபஷானு என்ற பெயர் இருந்தது. ஜஸ்டின் ஃபஷானு. 1981-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பினக் கால்பந்து வீரர். 1990-இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். மைதானத்தில் நிறத்துக்காக ஏச்சு, சொன்ன பிறகு சொந்தத் தம்பியே ஊரறிய ஒதுக்கினார். 1998-இல் 37 வயதில் இறந்துபோனார். கறுப்பராகவும் குயராகவும் ஒரே உடம்பில் வாழ்பவருக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் வரும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் ஒரு சட்டக் கட்டுரையில் இந்தக் குறுக்குவெட்டைப் பற்றித்தான் எழுதினார். கறுப்பினப் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போனால் நிறப் பாகுபாட்டைத் தனியாகவும் பால் பாகுபாட்டைத் தனியாகவும் நிரூபிக்கச் சொல்கிறார்கள், இரண்டும் சேர்ந்து விழும் இடத்தைச் சட்டம் பார்ப்பதே இல்லை என்பது அவர் வாதம். சாதியும் பாலும் சேர்ந்து நசுக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

கொண்டாட்டம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மேடையை விட்டு நகர்ந்தால் எச்ஐவி பரிசோதனை, தொழிற்சங்கம், அகதிகளுக்கான உதவி என்று வரிசையாக மேசைகள். அகதி உதவி மேசையில்தான் நான் வெகுநேரம் நின்றேன். முன்பெல்லாம் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் தஞ்சம் கேட்டால், "உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போய் அடக்கமாக மறைத்து வாழலாமே" என்று அனுப்பப் பார்த்தார்களாம். ஈரானிலிருந்து ஒருவர், கேமரூனிலிருந்து ஒருவர், இந்த இருவரின் வழக்கில் 2010 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கப்புறம் சிக்கல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது: நீ அப்படிப்பட்டவன்தான் என்று நிரூபி என்கிறார்கள். பக்கத்தில் உகாண்டா கொடி போர்த்திய ஒரு கூட்டம். அவர்கள் நாட்டில் 2023-இல் வந்த சட்டம் சில வழக்குகளில் மரண தண்டனை வரை போகிறது. நன்கொடை வாளியில் நான் போட்டது மறுநாள் சாப்பாட்டுக் காசு. அடுத்த நாள் அக்கா கொடுத்த புட்டும் சம்பலும் காப்பாற்றியது.

இந்த விழாவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஃபில் ஒபோகு-ஜிமா. கானா வேர் கொண்டவர், தொழிற்சங்கக்காரர், எல்லோரும் லேடி ஃபில் என்கிறார்கள். 2016 புத்தாண்டில் பிரிட்டன் அரசின் எம்பிஇ விருது கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலனி ஆட்சி விட்டுப்போன தண்டனைச் சட்டங்களால் உலகம் முழுக்கக் குயர் மக்கள் இன்னும் வதைபடும்போது, பேரரசின் பெயரைத் தாங்கிய விருதை வாங்க முடியாது என்பது அவர் காரணம். அந்தச் சட்டங்களில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய நம்முடைய 377-ஆம் பிரிவும் இருந்தது. 1860-இல் எழுதியதை நாம் கழற்றிப் போட 2018 செப்டம்பர் வரை ஆனது. இலங்கையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் கிடக்கின்றன. ஆட்டக் கூட்டத்தில் என்னுடன் தமிழில் பேசிய ஒரு தம்பி, லண்டனிலேயே பிறந்தவன், "அண்ணா, எங்கட அம்மாவுக்கு நான் இங்க வந்தது தெரியாது" என்றான். அடுத்த நிமிஷமே சிரித்தபடி, "நீங்க மதுரையா, ஜிகர்தண்டா உண்மையிலேயே அவ்வளவு நல்லா இருக்குமா?" என்று கேட்டான்.

தனியாக எதற்கு ஒரு பிரைடு, லண்டனில்தான் பெரிய ஊர்வலம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேயும் ஆரம்பத்திலிருந்து கறுப்பர்கள் இருந்தார்கள். 1972 ஜூலை 1 அன்று நடந்த முதல் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர்களில் கறுப்பரான டெட் பிரவுன் ஒருவர். ஆனாலும் கூட்டத்தில் நிற்பது வேறு, மேடையும் ஒலிபெருக்கியும் கையில் இருப்பது வேறு. 2018-இல் குயர் மக்களின் உரிமைக்காகப் போராடும் ஸ்டோன்வால் அமைப்பே, லண்டன் பிரைடில் எல்லோருக்கும் இடமில்லை என்று சொல்லி விலகி, பிளாக் பிரைடுக்கு ஆதரவு கொடுத்தது. ஆதரவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். வானவில் கொடியைக் கடை வாசலில் ஒட்டிவிட்டுப் போவதை நான் ஆதரவாக எண்ணுவதில்லை.

இன்னொரு நாள் பிரிக்ஸ்டன் போனேன். விக்டோரியா ரயில் பாதையின் கடைசி நிறுத்தம். வின்ட்ரஷ் சதுக்கத்தில் கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். அங்கிருந்து ரெயில்டன் சாலைக்கு நடந்தே போகலாம். 1970-களில் இந்தத் தெருவில் பெர்ல் ஆல்காக் என்ற ஜமைக்காக்காரர் ஒரு துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கு அடியில் நிலவறையில், உரிமம் எதுவும் இல்லாத சின்ன மதுக்கூடம். வெள்ளையர்களின் கே மதுக்கூடங்களில் கறுப்பர்களுக்கு வாசலிலேயே முகம் சுளிப்பு, தங்கள் சொந்தத் தெருவில் வெளியே சொல்ல முடியாத நிலை. அந்தக் கறுப்பினக் குயர் இளைஞர்களுக்குப் பெர்லின் நிலவறைதான் புகலிடம். பின்னாளில் கையில் காசில்லாமல், நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வாங்க முடியாமல், தானே ஒன்று வரைந்தார். அதிலிருந்து ஓவியராகிவிட்டார்! 2006-இல் காலமானார். அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு வந்தது கோபம். அவருக்கு ஊரறிய ஒரு சிலை வைக்கலாம், தப்பே இல்லை.

இந்தக் கதைகளைத் தேட விரும்புகிறவர்கள் கிளார்க்கன்வெல்லில் இருக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். டோஃபர் கேம்பல், அஜாமு எக்ஸ் இருவரும் 2005-இல் தொடங்கிய ருக்கஸ் திரட்டு அங்கே இருக்கிறது. கறுப்பினக் குயர் வாழ்க்கையின் துண்டறிக்கைகள், படங்கள், கடிதங்கள். முன்பே பதிவு செய்ய வேண்டும், காசு வாங்குவதில்லை.

இப்போது சவுத்எண்ட். பிளாக் பிரைடு பிறந்தது பூங்காவில் இல்லை. 2005-இல் கறுப்பின லெஸ்பியன் பெண்கள் ஒன்றுசேர்ந்து சவுத்எண்ட் கடற்கரைக்கு ஒரு நாள் சுற்றுலா போனார்கள். சின்ன வேன் போதும் என்று நினைத்தது பெரிய பேருந்துகளாக வளர்ந்துவிட்டது. அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்ப மனசில்லை. ஆனால் நான் போன நாளில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டார்கள். ரயில் கட்டணம் முழுசாக வாங்கிக்கொண்டு, ஜன்னல் திறக்காத, ஏசி ஓடாத வண்டி. ஒரு மணி நேரப் பயணம் இரண்டரை மணி நேரம் ஆனது. பின்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, நிறுத்தக் கேட்டும் ஓட்டுநர் நிறுத்தவில்லை. அதற்குக் காசைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.

கடலைப் பார்த்ததும் எரிச்சல் தணிந்தது. அங்குள்ள கடல் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், உலகிலேயே நீளமான உல்லாசக் கடல் பாலம் என்கிறார்கள். மேலே ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. காசை மிச்சம்பிடிக்க நடந்தே போனேன், காற்றில் தொப்பி பறக்கப் பார்த்தது. அந்தப் பெண்கள் அன்று இங்கே எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வண்டி பிடித்தார்கள், சாப்பாடு கட்டினார்கள், வந்து சேர்ந்தார்கள். இத்தனை பெரிய விழாவுக்கு விதை அவ்வளவுதான்.

செலவு பற்றி ஒரு எச்சரிக்கை. விழா முடிந்த இரவு ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலைய வாசலில் ஒரு டாக்ஸிக்காரர் பன்னிரண்டு பவுண்டு என்று ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது இருபத்தைந்து கேட்டார். திருவிழாக் கூட்டம், அதனால் விலை ஏறிவிட்டது என்றார். வாக்குவாதம் செய்து பதினைந்தில் முடித்தேன். லண்டனில் மினிகேப் எனும் தனியார் வாடகைக் கார் என்றால் முன்பே பதிவு செய்ததாக இருக்க வேண்டும், தெருவில் நின்று ஆள் பிடிப்பது சட்டவிரோதம். யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 104 இருக்கிறது.

பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும், கட்டணம் நூறு பவுண்டுக்கு மேல். அடுத்த விழாவுக்கு மே மாதமே விண்ணப்பம் போடப்போகிறேன். அக்கா அறையை எனக்காகப் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட வர நினைப்பவர்கள் இப்போதே எழுதுங்கள், இரண்டு பேர் தங்கினால் வாடகை பாதியாகும்.