விவாகரத்துக்குப் பிறகு வந்த வரி பாக்கி

மண்டபத்தில் இறால் உரிக்கும் வேலை எனக்கு. விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கப் போனால், கணக்கை வருமான வரித்துறை முடக்கிவிட்டதாக வங்கியில் சொன்னார்கள். பாக்கி கிட்டத்தட்ட 10 லட்சம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் முன்னாள் கணவர் கருவாட்டு வாடி (மீன் காயவைக்கும் இடம்) நடத்திய காலத்தில் என் பான் கார்டை வைத்து ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதில் ஒரே வருடத்தில் 11 லட்சம் ரொக்கம் விழுந்திருக்கிறது. 10 லட்சத்தைத் தொட்டாலே வங்கி வரித்துறைக்குத் தகவல் கொடுத்துவிடும். நோட்டீஸெல்லாம் அவர் மின்னஞ்சலுக்குப் போக, பதில் போகவில்லை. மூலம் தெரியாத பணம் என்று முடிவாகிவிட்டது. அதற்கு வரி, கூடுதல் வரி எல்லாம் சேர்த்து 78 சதவீதம் போட்டார்கள், மேலே வட்டியும்.

விவாகரத்துத் தீர்ப்பு நகலைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல் அக்காதான் விளக்கினார். அமெரிக்காவில் தம்பதி சேர்ந்தே வரிக் கணக்கு கொடுக்கலாமாம், அதனால் விவரம் அறியாத துணைக்குத் தனி நிவாரணம் உண்டாம். இங்கே ஆளுக்கொரு பான், பாக்கியும் பானுக்குத்தான். (பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100-க்கு அழைத்துக் கேளுங்கள்.)

அக்கா முதலில் வரித்துறை இணையதளத்தில் மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் மாற்றச் சொன்னார். அப்புறம் படிவம் 35-இல் மேல்முறையீடு, கட்டணம் 1,000 ரூபாய். 30 நாள் கெடு தாண்டியிருந்ததால் தாமதத்துக்குத் தனி மனு. பணம் என்னுடையதில்லை என்று காட்ட, வாடி வாடகைச் சீட்டு முன்னாள் கணவர் பேரில் இருந்தது பெரிய பலம்.

மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்த, வழக்கமாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். என்னால் எங்கே முடியும்? கூலிச் சீட்டு, மகளிர் குழுக் கடன் அட்டை, ஜீவனாம்சம் வராததைக் காட்டும் பாஸ்புக் எல்லாம் இணைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, இறாலும் வராது, எனக்கு வேலையும் இல்லை என்று எழுதினேன். கோப்பு மேலதிகாரிவரை போய், மாதம் 5,000 கட்டச் சொல்லி முடக்கத்தை நீக்கினார்கள். மகளின் கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டினேன்.

பாக்கிக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. என் வழக்குக்குப் பொருந்தும் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 220(2ஏ) பிரிவில் வட்டித் தள்ளுபடி கேட்கலாம். உண்மையான கஷ்டம், என் கையை மீறிய காரணம், விசாரணைக்கு ஒத்துழைத்தது, மூன்றையும் காட்ட வேண்டும். அந்த மனுவைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.