நாட்டிங்ஹாமில் மூன்று ஆட்டமும் ஒடிந்த வாளும்

லண்டன் திரும்பி இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. பொம்மைப் படைகளை வைத்து மேஜையில் பகடை உருட்டி ஆடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில் என் முதல் போட்டி முடிந்துவிட்டது! ஒருநாள் போட்டி, மூன்று ஆட்டம், ஆளுக்கு 2000 புள்ளி மதிப்புள்ள படை.

முதலில் அந்த டாக்சிக்காரர். வெள்ளி இரவே கோச்சில் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டேன். காலையில் மழை, கையில் பொம்மைப் பெட்டி. வேறு வழியில்லாமல் டாக்சி. ஏறும்போது 10 பவுண்ட் என்றவர் இறங்கும்போது 22 கேட்டார். மழைக்குக் கூடுதலாம்! இரவு படுத்த கட்டிலுக்கே 24 பவுண்ட்தான். தகராறு செய்ய நேரமில்லை, கொடுத்தேன். இன்னும் வயிறு எரிகிறது. நாட்டிங்ஹாம் போகிறவர்கள் டிராமில் போங்கள். திரும்பும்போது நான் அதில்தான் வந்தேன், அந்தக் காசில் கால்வாசிகூட ஆகவில்லை.

அந்த டாக்சிக்காரர் போட்ட பிரேக்கில் என் டெர்மினேட்டர் (கனத்த கவசம் போட்ட வீரர்கள்) சார்ஜெண்டின் வாள் ஒடிந்துவிட்டது. மூன்று மாதம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வண்ணம் அடித்த படை. முழுப் படைக்கும் வண்ணம் இருந்தால் ஆட்டத்துக்கு 10 புள்ளி என்பதற்காக மட்டும் அடிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் எதிரில் இருந்த ஆர்க் (பச்சை அரக்கர்கள்) படைக்காரர், அறுபது வயதிருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து சூப்பர் க்ளூவை எடுத்தார். வாளை ஒடிந்த துண்டோடு சேர்த்துப் பிடித்து முப்பது வரை எண்ணினார். அதன் பிறகுதான் கைகுலுக்கினோம்.

அவரிடம் நன்றாகத் தோற்றேன், 78-41. ஆனால் விளையாட்டு புரிந்ததே அங்கேதான். நடு இலக்கில், அதாவது பிடித்தால் புள்ளி தரும் இடத்தில், என் ஐந்து டெர்மினேட்டர்கள். அடித்தாலும் சாகவில்லை. இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன். அவர் பாய்ஸ் எனும் சாதாரண ஆர்க் வீரர்கள் பத்துப் பேரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். இலக்கைப் பிடிக்கும் கணக்கில் டெர்மினேட்டருக்குத் தலைக்கு 1, பாய்ஸுக்கு 2. ஐந்துக்கு எதிராக இருபது. ஒருவரும் சாகாமலேயே இடம் கைமாறிவிட்டது! இத்தனை நாள் யாரைக் கொல்லலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் புள்ளி.

இரண்டாவது ஆட்டமும் தோல்வி. டெலிபோர்ட்டில், அதாவது ஆட்டத்தின் நடுவே திடீரென்று, இறங்கி எதிரி மேல் பாய இரண்டு பகடையும் சேர்ந்து 9 அல்லது அதற்கு மேல் வேண்டும். 36க்கு 10 வாய்ப்பு. அதை நம்பி முழுத் திட்டமும் போடக்கூடாது.

ஒரே மாதிரி வெற்றி தோல்வி உள்ளவர்களைத்தான் ஒருவரோடொருவர் மோதவிடுகிறார்கள். அதனால் மூன்றாவதில் எதிரே வந்தவரும் என்னைப் போலவே இரண்டு தோற்றவர். இலக்கு, இலக்கு என்று மட்டுமே பார்த்தேன். 6 புள்ளியில் ஜெயித்தேன்!

ஞாயிறு நாட்டிங்ஹாமின் லென்டன் பகுதியில் உள்ள வார்ஹாமர் வேர்ல்டுக்குப் போனேன், இந்த விளையாட்டின் கண்காட்சியும் கடையும் அங்கேதான். வாசலில் பிரம்மாண்டமான ஸ்பேஸ் மரைன் (இந்த விளையாட்டின் கவச வீரன்) சிலை. சிலைக்குக் கீழே நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே பக்மன்ஸ் உணவகத்தில் சாப்பிட்ட பர்கர் இந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

செலவுக் கணக்கு அடுத்த பதிவில். கடையை விட்டு வரும்போது ஒரு இன்டர்செஸ்ஸர் (இன்னொரு வகை ஸ்பேஸ் மரைன்) பெட்டி வாங்கிவிட்டேன், இந்த மாதம் இனி வெளிச் சாப்பாடு கிடையாது. இலக்குக் கணக்கில் இன்டர்செஸ்ஸருக்குத் தலைக்கு 2.