காப்பர் டி: பிரசவத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டியது

முதல் பிரசவம் முடிந்து மூன்றாம் நாள், டிஸ்சார்ஜ் பேப்பரில் கையெழுத்துப் போடும்போதுதான், கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பற்றிக் கேட்டேன். "இப்ப முடியாதும்மா, லேட்டாயிடுச்சு, ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்றார் நர்ஸ். மூன்றே நாளில் என்ன லேட் என்று எரிச்சல்தான் வந்தது.

கணக்கு அப்புறம்தான் புரிந்தது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த 10 நிமிடத்துக்குள் போடலாம், சிசேரியன் என்றால் கர்ப்பப்பையைத் தைத்து மூடும் முன்பே உள்ளே வைத்துவிடலாம், அதை விட்டால் 48 மணி நேரம் வரை. அதற்குப் பிறகு 4 வாரம் ஆகும்வரை பொதுவாகப் போடுவதில்லை.

ஆறு வாரம் கழித்துப் போனேனா? எங்கே! தூக்கமில்லாத அந்த நாட்களில் தலை வாரினாலே பெரிய விஷயம். பால்தான் கொடுக்கிறோமே, கரு தங்காது என்று ஒரு தைரியம் வேறு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அது பலிக்கும், மூன்றில் ஒன்று குறைந்தாலும் நம்பக் கூடாது. நான் மூன்றாம் மாதமே ராத்திரிக்குப் பால் பவுடர் ஆரம்பித்திருந்தேன். ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலை, குளியலறைத் தரையில் உட்கார்ந்து டெஸ்ட் கிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கோடு, கர்ப்பம் இல்லை. அன்றைக்கே போய்ப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது முறை ஏழாம் மாத செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுத வைத்தேன். வலியில் துடிக்கும்போது "போட்டுரலாமா?" என்று கேட்டு வாங்குவதெல்லாம் சம்மதமே இல்லை என்பது என் கட்சி. அப்படி எழுதி வைத்தாலும் பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ அப்போது போட மாட்டார்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

உடனே போடுவதில் ஒரு குறை உண்டு. சுகப்பிரசவத்தில் உடனே போட்டால் சுமார் பத்தில் ஒருவருக்கு அது தானாக வெளியே வந்துவிடலாம். ஆறு வாரம் கழித்துப் போட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன், எனக்கு என்னைத் தெரியும், ஆறு வாரத்தில் திரும்பிப் போகிற ஆள் இல்லை.

ஆனால் இந்த முறை போக வைத்ததே அந்தக் காப்பர் டிதான். கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க, காப்பர் டியின் முனையில் இருக்கும் நூல் கீழே இறங்கி, கழுவும்போது விரலில் தட்டுப்பட்டது, கழன்று வருகிறதோ என்று பதறி ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, இடத்தில்தான் இருக்கிறது என்று நூலை மட்டும் கத்தரித்து அனுப்பினார்.