சிவப்புத் துணி கட்டிய சுரைக்காய்

அலங்காநல்லூர்ப் பக்கம், வீட்டை ஒட்டி எங்களுக்கு 30 சென்ட் நிலம் இருக்கிறது. நான் அதை இயற்கைப் பண்ணை என்பேன். அம்மா கொல்லை என்பார். யூரியா உள்ளே வரக்கூடாது, நாட்டு விதையைத் தவிர வேறு எதையும் ஊன்றக்கூடாது என்பது என் சட்டம். விதைத் திருவிழாவில் வாங்கிய பொட்டலங்களில் குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் இருந்தன. தை கடைசியில் இரண்டையும் ஊன்றி, அடுத்தடுத்த பந்தலில் ஏற்றிவிட்டேன். புத்தி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

சுரையில் எத்தனை வடிவம் இருந்தாலும் சாதி ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் கலந்துவிடும். இந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையை அடுத்த வருடம் போட்டால்தான் குடுவையும் இல்லாமல் நீட்டும் இல்லாமல் ஏதோ ஒன்று தொங்கும். இதற்கு ஒரு வழி உண்டு. பூ விரியும் முன்பே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். விரியும் நேரத்தில் அவிழ்த்து, நாமே மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்ட வேண்டும். பூசணி விடியற்காலையில் பூக்கும். காபிக்கு முன் வேலை முடிந்துவிடும். சுரைப்பூ அந்தி சாய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். "விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்காதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அம்மாவோ திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

பங்குனியில் ஒரு நாள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தேன். ஆண் பூவுக்கு நீண்ட காம்பு. பெண் பூவின் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சு, உடம்பெல்லாம் பூனைமயிரோடு. ஆண் பூவைப் பறித்து, கசங்கிய வெள்ளை இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவில் இருந்த மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவினேன். வழியோடு போன பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"சார், பாம்பா?"

"இல்லை, பூ."

பாம்பு என்றிருந்தால் உதவிக்கு வந்திருப்பார். பூ என்றதும் வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

நான்கு பூவில் மூன்று பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தன. ஒன்று நின்றது. அதை யாரும் கூட்டு வைத்துவிடக் கூடாதே என்று பழைய துண்டு ஒன்றைக் கிழித்துக் காம்பில் கட்டினேன். சிவப்புத் துண்டு. பச்சையைக் கட்டினால் இலைக்குள் தெரியாது.

மூன்றாம் நாள் அந்தப் பந்தல் காலில் மஞ்சளும் குங்குமமும். அடியில் ஓர் எலுமிச்சம்பழம். அடுத்த வயல் பெரியம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேண்டுதல் தம்பி?"

"வேண்டுதல் எல்லாம் இல்லை பெரியம்மா. விதைக்கு விட்டிருக்கிறேன்."

"சரிதான், வெளியே சொன்னால் பலிக்காது" என்றவர், கிளம்பும்போது, "அழகரே பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால்தான் வெள்ளாமை செழிக்கும். நீ போய்ச் சிவப்பைக் கட்டியிருக்கிறாயே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தத் துணிக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். மற்ற காய்களை உறவுக்காரர்கள் உரிமையோடு பறித்துப் போனார்கள். வேலியோரம் ஆடு மேய்ப்பவர்கூட அந்தப் பந்தலைச் சுற்றியே ஆடுகளை ஓட்டினார். வேலிக்கு நான் செலவழித்த பணத்துக்கு இதில் பாதிக் காவல்கூடக் கிடைத்ததில்லை. அம்மாவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அலுவல் வேலையாக மதுரையில் தங்கிவிட்டு, அந்திக்கு பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூரத்திலிருந்தே தோட்டம் திருவிழாக் கோலத்தில் தெரிந்தது. மீதித் துண்டு, கூடவே ஒரு பழைய சிவப்புச் சேலை, இரண்டும் கிழிபட்டு இரண்டு பந்தலிலும் இருந்த சுரைக்காய்கள் எல்லாவற்றிலும் தொங்கின. வெண்டைச் செடிகளிலும் கட்டியிருந்தது. கத்திரிக்கும் ஒரு துணி. தண்ணீர்க் குழாயையும் விடவில்லை.

"இனி ஒருத்தரும் தொடமாட்டார்கள் பார்" என்றார் அம்மா.

குடுவைப் பந்தலில் ஏறக்குறைய ஒரே அளவில் பதினொரு காய்கள். என் விதைக்காய் எது? எலுமிச்சம்பழம் வைத்த கால்தானே அடையாளம் என்று ஓடினேன். பெரியம்மா குறை வைக்கவில்லை. ஒவ்வொரு காலிலும் மஞ்சள், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம்.

காம்பில் நூல் அடையாளமாவது மிச்சம் இருக்கிறதா என்று டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முதல் காயை மெல்லத் திருப்பினேன்.

"விளக்கு வைத்தாயிற்று. செடியில் கை வைக்காதே" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.