அமிலத் தொட்டிக்குள் டெஃப்லான் குழாய்

சித்திரை வெயிலில் காரைக்குடிப் பக்கம் அனோடைசிங் பட்டறை, அதாவது அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் வளர்க்கும் பட்டறை, நடத்தினால், தொட்டி சூடாவதற்கு வெயில்தான் காரணம் என்று தோன்றும். உண்மையில் பெரும்பங்கு மின்சாரத்தின் வேலை. 15 வோல்ட்டில் 1000 ஆம்பியர் ஓடினால் 15 கிலோவாட். ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாக அமிலத்தில்தான் இறங்கும். சாதாரண கந்தக அமிலத் தொட்டி 20 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சூடு ஏறினால், அலுமினியத்தின் மேல் வளரும் படலத்தை அமிலமே கரைத்துவிடும். கழுவிக் காயவைத்த சட்டத்தை விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்தச் சரக்கை உரித்து முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

தொட்டியைக் குளிரவைக்க, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் சுருள் குழாயை அமிலத்தில் இறக்குவோம். முன்பு எங்களிடம் இருந்தது ஈயக் காயில். கந்தக அமிலத்தை ஈயம் நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஊசித்துளை விழுந்தது. இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் படித்த பொறியாளர் ஒருவர்தான் காரணம் சொன்னார்: மின்தொட்டிக்குள் கிடக்கும் உலோகம் ஒரு பக்கம் மின்சாரத்தை வாங்கி மறுபக்கம் விடும், விடும் இடம் அரிக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறந்த நிலையம் அது. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்கும் அந்தக் கொடை இப்படி வந்து சேர்கிறது.

அந்த ஊசித்துளை வழியாக, பம்ப் ஓடும்போது தண்ணீர் தொட்டிக்குள் கசிந்தது. நிறுத்தியதும் அமிலம் காயிலுக்குள் ஏறி, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரின் செப்புக் குழாய் வரை போய்விட்டது.

ஈயக் காயிலுக்குப் பதிலாக டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழாய்க் கட்டு வந்து இறங்கியபோது எங்கள் மூத்த பிட்டர் கேட்டார்: “தம்பி, சட்டிப் பிடியே பிளாஸ்டிக்குலதான போடுறாங்க, இதுல எப்படிப்பா சூடு கடக்கும்?”

நியாயமான கேள்வி. வெப்பத்தைக் கடத்துவதில் ஈயத்துக்கும் டெஃப்லானுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதோடு, குழாயை ஒட்டி மெல்ல நகரும் அமிலப் படலமும் உள்ளே தண்ணீர்ப் படலமும் எந்தக் காயிலானாலும் வெப்பத்தைத் தடுக்கத்தான் செய்யும். அதனால் ஈயத்தின் அனுகூலம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. மீதிக் குறையை எண்ணிக்கை ஈடுகட்டுகிறது: நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள், அவ்வளவு பரப்பு. அடியில் காற்று விட்டு அமிலத்தைக் கலக்கினால் இன்னும் நல்லது. டெஃப்லானில் மின்சாரம் பாயாது. அமிலமும் அதை அரிக்காது.

கவனம் வேறு இடத்தில் வேண்டும். நழுவி விழும் சட்டம் குழாயைக் கிழித்துவிடும். முன்னால் கிராதி கட்டாயம். மெல்லிய குழாய் சீக்கிரம் அடைக்கும். சில்லர் தண்ணீருக்கு நல்ல வடிகட்டி தேவை. வாங்குகிறவர்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்.